ஆதரவை அளக்கும் படிவம்: நீங்கள் நிரப்பிய அனுபவம் எப்படி?

எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை வாங்கப் போன இடத்தில் ஓர் ஆய்வுக்காக, நமக்குத் துணையாக ஆள் உண்டா என்று கேட்கும் படிவம் கொடுத்தார்கள். எம்.ஓ.எஸ். என்று பெயர், 1991 முதல் புழக்கத்தில் இருக்கிறதாம். 19 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' முதல் 'எப்போதும்' வரை ஐந்து கட்டங்கள். நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கு என்று பொதுவாக எழுதியது, எச்.ஐ.வி.க்கென்று தனியாக இல்லை.

படுக்கையில் விழுந்தால் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா? 'எப்போதும்' என்று டிக் அடித்தேன், அக்கா வந்து நிற்பாள். உங்கள் பிரச்சினையை மனம்விட்டுப் பேச? அதற்கும் அதே அக்காதான். ஆனால் எனக்கு எச்.ஐ.வி. என்று அவளுக்குத் தெரியாது. எந்தக் கட்டம் என்று கேட்டதற்கு, "உங்களுக்கு எது சரின்னு படுதோ அது" என்றார்கள். நடுக்கட்டத்தில் போட்டுவிட்டு வந்தேன்.

பதில் 1

நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவள், கவுன்சிலர். நாங்கள் கேட்பது வேறு படிவம், 1988-இல் வந்தது: குடும்பம், நண்பர்கள், நெருக்கமான ஒருவர் என்று நந்நான்காக 12 வாக்கியங்கள், ஏழு வரை மதிப்பெண்.

ஒருவர் குடும்பத்துக்கு ஏழுக்கு ஏழு போட்டார். வீட்டில் யாருக்குத் தெரியும் என்று பிறகு கேட்டால், யாருக்குமே தெரியாதாம். மாத்திரையை வைட்டமின் டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறார். விருந்தாளி வந்தால் அன்றைய வேளை போச்சு. இன்னொருவர் மனைவியிடமும் அண்ணனிடமும் சொல்லிவிட்டவர். அண்ணன் வீட்டில் அன்றிலிருந்து அவருக்குத் தனி டம்ளர். அதனால் குடும்பத்துக்கு அவர் போட்டது இரண்டும் மூன்றும்தான். ஆனால் மனைவி நேரம் தவறாமல் மாத்திரையை எடுத்து நீட்டுகிறார், வைரல் லோடு (இரத்தத்தில் வைரஸின் அளவு) கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நிற்கிறது. குடும்பத்துக்கான எண்களை மட்டும் பார்க்கிறவர் முதலாமவரைப் பற்றிக் கவலையே படமாட்டார்!

இப்போதெல்லாம் படிவம் முடிந்ததும் யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டு, என் குறிப்பில் தனியாக எழுதி வைக்கிறேன். ஆய்வுக் கணக்கில் அது சேராது. மாத்திரை பற்றிப் பேச எனக்கு அதுதான் உதவுகிறது.

பதில் 2

என் குறை வேறு. உதவ ஆள் இருக்கிறார்களா என்று கேட்கிறார்கள், உதவினார்களா என்று கேட்பதில்லை. ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையே மனச்சோர்வைக் குறைக்கும், அதனால்தான் அப்படி என்று விளக்கம் சொன்னார்கள். சரி, இருக்கட்டும். எனக்கு நிமோனியா வந்தபோது, 'எப்போதும்' என்று நான் டிக் அடித்த நண்பன் போனையே எடுக்கவில்லை. ஆதரவுக் குழுவில் பார்த்துப் பழகிய ஒரு பெண்தான் எக்ஸ்ரேக்கு வரிசையில் நின்றார், ரிப்போர்ட் வாங்கி வந்தார். அடுத்த முறை, மேலே கவுன்சிலர் சொன்ன 12 வாக்கியப் படிவம் வந்தபோது அவரை எதில் சேர்ப்பது என்று கேட்டேன். நண்பர்களில் சேர்க்கச் சொன்னார்கள். அவர் வீடு எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.