பழைய பொருள் வாங்கி விற்பவர்களின் அனுபவங்கள்: நெல்லைச் சீமையிலிருந்து

பாளையங்கோட்டையிலிருந்து:

மாதச் சம்பளத்தோடு கூடுதலாகக் கொஞ்சம் வந்தால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவும் என்று, பழைய பொருள்களை வாங்கிச் சீர்செய்து ஓஎல்எக்ஸிலும் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் விற்று வருகிறேன். கிடைத்ததை எல்லாம் நான் வாங்குவதில்லை. எனக்குக் கைவந்தவை தையல் மெஷினும் மிக்ஸியும் மேசை மின்விசிறியும்தான், அவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன். பொருளின் குறையை விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதிவிட்டால் விலை இறங்கிவிடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. என் அனுபவம் அதற்கு நேர்மாறானது. குறையை நாமே எழுதிவிட்டால், வீடு தேடி வருபவர் வாங்குவதென்று முடிவெடுத்த பிறகே கிளம்பி வருகிறார்.

தையல் மெஷினை எடுத்துக்கொள்கிறேன். பேட்டையிலோ மேலப்பாளையத்திலோ ஒரு வீட்டில் அம்மா தைத்துக்கொண்டிருந்த மெஷின், அவர் காலத்துக்குப் பிறகு மாடிப்படிக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பழைய எண்ணெய் உள்ளே பிசினாக இறுகியிருக்கும். யாராவது தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் சக்கரத்தைக் கையால்கூடச் சுற்ற முடியாது. மண்ணெண்ணெய் விட்டு ஓட்டி, அழுக்கு வெளியேறிய பின் துணியால் நன்றாகத் துடைத்து, ஒரு நாள் உலரவிட்டு, அதன் பிறகே மெஷின் எண்ணெய் விடுவேன். அடுத்து, பருத்தித் துணியை இரண்டாக மடித்து, மேலே சிவப்பு நூலும் அடிநூல் சுற்றும் பாபினில் வெள்ளை நூலும் போட்டு ஒரு முழத்துக்குத் தைத்துப் பார்ப்பேன். மேல்பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் மேல்நூல் அதிகமாக இறுகியிருக்கிறது. அடிப்பக்கத்தில் சிவப்பு தெரிந்தால் தளர்ந்திருக்கிறது. இவை திருகைத் திருப்பினால் சரியாகிவிடுபவை. தையல் இடையிடையே விட்டுவிட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்றுவேன். அதற்குப் பிறகும் விட்டு விழுந்தால் பெரும்பாலும், மேல்நூலை அடிநூலோடு பிணைக்கும் பாகமான ஷட்டில் தேய்ந்திருக்கும். அதை மாற்றி விற்பதா, அப்படியே குறைந்த விலைக்குக் கொடுப்பதா என்பதை உதிரிபாகத்தின் விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்வேன்.

அப்படித் தேய்ந்த ஷட்டில் உள்ள ஒரு கால் மெஷினை, "ஷட்டில் மாற்ற வேண்டும், மர மேசையின் வலது ஓரம் உப்பியிருக்கிறது, பெல்ட் புதியது" என்று எழுதி, உப்பிய ஓரத்தைத் தனியாகப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். முக்கூடலிலிருந்து பீடி சுற்றும் ஓர் அம்மா, தையல் வகுப்பு முடித்த தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். மகள் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "அண்ணாச்சி, மத்தவங்க எல்லாம் சூப்பர் கண்டிஷன்னு போட்டிருக்காவ. நீங்கதான் என்ன கோளாறுன்னு எழுதியிருக்கிய. அதான் பஸ் ஏறி வந்தோம்." அவர்கள் விலையில் பேரம் பேசவில்லை, எனக்குத் தெரிந்த மெக்கானிக்கின் எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த வீட்டின் மூலம் அதே ஊரில் வேறு சிலரும் பிறகு என்னிடம் வாங்கினார்கள். விளம்பரத்துக்குப் பணம் கட்டியிருந்தாலும் அப்படிப்பட்ட வாடிக்கை எனக்கு அமைந்திருக்காது.

இந்த வழக்கத்தை நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டதற்கு 2023 டிசம்பர் வெள்ளமும் ஒரு காரணம். அந்த மாதம் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டு, ஜங்ஷன், கைலாசபுரம், வண்ணார்பேட்டைப் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை இங்கே பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். வெள்ளம் வடிந்த பிறகு வாஷிங் மெஷின்களும் ஃபிரிட்ஜ்களும் பாதி விலைக்கும் கீழே விற்பனைக்கு வரத் தொடங்கின. ஒரு வியாபாரி அவற்றை மொத்தமாக வாங்கி வெளிமாவட்டங்களில் விற்கலாம் என்று என்னையும் கூட்டுச் சேரச் சொன்னார். "காய வச்சா ஓடும் அண்ணாச்சி, ரெண்டு மாசம் ஓடினாப் போதும்லா" என்பது அவர் சொன்ன நியாயம். நான் உடனே மறுத்துவிட்டேன். சேற்றுநீர் புகுந்த மோட்டாரில் சுருள்களின் காப்பு கெட்டிருந்தால் மின்சாரம் உடற்பகுதிக்குக் கசியும். எர்த் சரியாக இல்லாத வீட்டில், ஈரக் கையோடு துணி எடுக்கும் ஒருவரின் உயிர் போகக்கூடிய விஷயம் அது.

வாங்குபவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெளியில் துடைத்துப் பளபளப்பாக்கிவிடுவார்கள் என்பதால், பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்க்காமல் வாஷிங் மெஷின் வாங்காதீர்கள். வயர்க் கட்டுகளின் மடிப்புகளில் மாவுபோல நுண்ணிய வண்டல் படிந்திருக்கும். அதை யாரும் முழுவதுமாகத் துடைக்க முடியாது. திருகுகளின் தலையைப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட உயரம் வரை உள்ளவை மட்டும் துருப்பிடித்து, அதற்கு மேலுள்ளவை சுத்தமாக இருந்தால், தண்ணீர் எதுவரை நின்றது என்பது தெரிந்துவிடும். மறைக்காமல் விற்றவர்களும் இருந்தார்கள். கைலாசபுரத்தில் ஓர் ஆசிரியை, தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதைச் சுவரில் இருந்த கறையோடு சேர்த்துக் காட்டி, "உதிரிபாகத்துக்குன்னா எடுத்துக்கோங்க தம்பி, ஓட்டுறதுக்குன்னா வேண்டாம்" என்றார். அந்த மெஷினை உதிரிபாகத்துக்கு மட்டும் என்றே எழுதி ஒரு பழுதுபார்க்கும் கடைக்குக் கொடுத்தேன். எனக்குக் கிடைத்தது சில நூறு ரூபாய்தான். ஆனால் மனம் நிறைந்த வியாபாரம் அது.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

மேலே எழுதிய அண்ணன் சொன்னதை என் அனுபவமும் உறுதிப்படுத்துகிறது. நான் கையாள்வது பித்தளை, வெண்கலப் பாத்திரங்களும் பழைய மரச்சாமான்களும். எங்கள் ஊரில் பிள்ளைகள் சென்னையிலும் மும்பையிலும் குடியேறிவிட்டதால் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் ஏராளம். அவை விற்கப்படும்போது உருளியும் தவலையும் வெண்கலப் பானையும் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போய்விடுகின்றன. எடை விலைக்கு மேல் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து அவற்றை வாங்கி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வாட்ஸ்அப் குழுக்களிலும் பேஸ்புக்கிலும் படம் போட்டு விற்கிறேன். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வெளியூரில் இருக்கும் நம்மூர்க்காரர்கள்.

பாத்திரம் வாங்குபவருக்கு நான் கட்டாயம் சொல்வது ஈயப்பூச்சைப் பற்றித்தான். பூச்சுப் போன பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறி உணவு கெடும், உடம்புக்கும் ஆகாது. பூசும்போதும் வெள்ளீயம் மட்டுமே பூசியிருக்க வேண்டும், அதில் காரீயம் கலந்துவிடக் கூடாது. ஈயம் பூசுகிறவர்கள் இப்போது அரிதாகிவிட்டார்கள். ஆகவே "பூச்சு இல்லை, பூசாமல் சமைக்க வேண்டாம்" என்று படத்தின் மீதே எழுதிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு வேண்டாம் என்று விலகியவர்கள் உண்டு. அலங்காரத்துக்குத்தான் என்று சொல்லி வாங்கியவர்கள் அவர்களைவிட அதிகம்.

பழைய பாத்திரங்களின் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். ஒரு மாமியிடமிருந்து வாங்கிய அடுக்கில் அவருடைய மாமியாரின் பெயர் இருந்தது. விற்கும் முன் அந்தப் பெயரைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பி, அழித்துவிடவா என்று கேட்டேன். "அது இருக்கட்டும்டி, யார் வீட்டுல இருந்தாலும் அவா பேர் இருக்கட்டும்" என்றார். வாங்கிய கோயம்புத்தூர்ப் பெண்ணும் பெயர் இருப்பதற்காகவே அதை எடுத்ததாகச் சொன்னார்.

வீட்டைக் காலி செய்பவர்கள் சில சமயம் பூஜை அறையில் இருக்கும் சிலையையும் காட்டி, இதையும் எடுத்துக்கொள் என்பார்கள். அதை நான் தொடுவதில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலையைத் தொல்பொருளாகவே கருதுவார்கள். அவற்றை உரிமம் இல்லாமல் வாங்கி விற்கும் தொழில் செய்ய முடியாது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. வயது தெரியாத சிலை என்றால் எனக்கு அது நூறு ஆண்டுக்கு மேற்பட்டதுதான்.

பணம் தொடர்பான ஒரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். தேக்கு ஊஞ்சல் பலகை ஒன்றை விற்பனைக்குப் போட்டிருந்தபோது, இராணுவத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் அழைத்தார். பொருளைப் பார்க்கவில்லை, அளவு கேட்கவில்லை, பேரமும் இல்லை. அடையாள அட்டை என்று ஒரு படத்தை அனுப்பினார். பின்னர் ஒரு க்யூஆர் குறியீட்டை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் என் கணக்குக்குப் பணம் வந்துவிடும் என்றார். யுபிஐயில் பணம் அனுப்புவதற்குத்தான் பின் நம்பர் தேவை. நமக்கு வரவேண்டிய பணத்துக்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். நான் அதைச் சொன்னதும் அவர் குரல் உயர்ந்தது, இணைப்பைத் துண்டித்துவிட்டேன். உங்களில் யாருக்காவது பணம் பறிபோனால், வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிடாமல் உடனே இணையவழி மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் வேறு வேறு கணக்குகளுக்கு மாற்றப்படுவதற்குள் புகார் பதிவானால், அதை முடக்கி வைக்க வாய்ப்பிருக்கிறது.

திருநெல்வேலி டவுனிலிருந்து:

நான் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே, கைச்செலவுக்காகப் பழைய பாடநூல்களை வாங்கி விற்கிறேன். செல்போனும் எப்போதாவது வாங்குவதுண்டு. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் படிக்க வருகிறவர்கள்தான் என் முதல் வாடிக்கையாளர்கள்.

2018ஆம் ஆண்டு முதல் புதிய பாடத்திட்டம் வந்ததால், அதற்கு முந்தைய சமச்சீர்ப் புத்தகங்கள் கடைகளில் இல்லை. ஆனால் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குத் தமிழ் படிப்பவர்களில் பலர் இரண்டையும் புரட்டுகிறார்கள். எனவே ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுத் தொகுப்பாகச் சேர்த்துக் கொடுத்தால் நல்ல விலை கிடைக்கிறது. கையெழுத்துக் குறிப்புகள் நிறைந்த புத்தகம் விற்காது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தேர்வுக்குப் படிக்கிறவருக்கு முன்பு படித்தவரின் அடிக்கோடு உதவிதான். காணாமல் போன பக்கம்தான் உண்மையான குறை. நான் ஒவ்வொரு புத்தகத்தையும் பக்கம் பக்கமாகப் புரட்டி, இல்லாத பக்கங்களின் எண்ணை உள்ளட்டையில் பென்சிலால் எழுதி, அந்த அட்டையைப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறேன். அதற்குப் பிறகு இதுவரை யாரும் புத்தகத்தைத் திருப்பி அனுப்பியதில்லை.

செல்போன் வேறு விஷயம். அதில் குறையைவிட அது வந்த வழிதான் முக்கியம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அதை வாங்குவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆகவே பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விற்க வருபவர் எதிரிலேயே ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அழுத்தி ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணை எடுத்து, கேஒய்எம் என்று தட்டச்சு செய்து இடைவெளி விட்டு அந்த 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்புவேன். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைப் பார்க்கலாம். தொலைந்ததாகப் புகார் செய்து முடக்கப்பட்ட போன் என்றால் அதில் தெரிந்துவிடும்.

ரதவீதியில் ஒரு தேநீர்க் கடையில் வைத்து, என் வயதுள்ள ஒருவர் நல்ல போன் ஒன்றை மிகக் குறைந்த விலைக்குக் கொடுக்க வந்தார். நான் எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும் என்றதும், "எதுக்குல அதெல்லாம், என் போன்தான்" என்றார். உங்கள் போன்தான் என்றால் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறிக் கொடுங்கள் என்றேன். கணக்கு நீங்காமல் ரீசெட் செய்தால் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் தம்பியிடம் கேட்டு வருகிறேன் என்று எழுந்து போனார், திரும்பவில்லை. அதே வாரம் மகாராஜா நகரில் ஒரு பெரியவர், மகன் வாங்கிக் கொடுத்த புதிய போன் வந்துவிட்டதால் பழையதை விற்க அழைத்திருந்தார். பில்லும் பெட்டியும் பத்திரமாக வைத்திருந்தார். கணக்கை நீக்குவதற்கு முன், மறைந்த அவர் மனைவியின் படங்கள் அதில் இருப்பதைக் கவனித்தேன். அவற்றை எல்லாம் புதிய போனுக்கு மாற்றிக் கொடுத்து, ஒவ்வொன்றாகத் திறந்து அவரைப் பார்க்கச் சொன்னேன். ஒரு மாலை முழுவதும் அதற்கே போயிற்று. அவர் கேட்ட விலையை நான் குறைக்கவில்லை. விற்றபோது எனக்கு நின்றது நானூறு ரூபாய். பழைய போன் வாங்கும் நண்பர்கள், அழிப்பதற்கு முன் படங்களையும் தொடர்பு எண்களையும் எடுத்துக்கொண்டார்களா என்று விற்பவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். வயதானவர்கள் பலருக்கு அழித்த பின் அவை திரும்பி வராது என்பது தெரிவதில்லை.

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பழைய சமச்சீர்த் தமிழ்ப் புத்தகங்கள் இப்போது என்னிடம் இல்லை. வைத்திருப்பவர்கள், விடுபட்ட பக்கங்களைக் குறிப்பிட்டு இங்கேயே தெரிவித்தால் நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.