ஆற்காடு நவாபின் சீமை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது துப்பாக்கியாலா, கடனாலா?

வந்தவாசிக்காரன்:
என் பதில் துப்பாக்கிதான். 1746 அக்டோபரில் அடையாற்றங்கரையில் நடந்ததைப் பாருங்கள். நவாப் அன்வருதீன் தன் மகன் மாபூஸ்கானைச் சுமார் பத்தாயிரம் பேரோடு அனுப்புகிறார். எதிரில் பிரெஞ்சுக்காரர்களும் அவர்கள் பழக்கிய சிப்பாய்களும் சேர்ந்து ஆயிரம் பேர் அளவுக்குத்தான். ஆற்றில் இறங்கி வந்து, வரிசை கலையாமல் சுட்டார்கள். நவாப் படை சாந்தோம் தெருக்களுக்குள் சிதறி ஓடியது. ஆங்கிலேயக் கம்பெனியும் அதே பாடத்தைப் படித்துக்கொண்டது. 1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்களையே முறியடித்தது. அதற்கப்புறம் தடுக்க யார் இருந்தார்கள்?

கணக்குப்பிள்ளை:
சரி, ஒரே ஒரு கேள்வி. அன்வருதீனுக்கு அடுத்து நவாப் ஆன அவர் மகன் வாலாஜா முகமது அலியைக் கம்பெனி எந்தப் போரில் தோற்கடித்தது? 1749இல் ஆம்பூரில் அவர் அப்பா அன்வருதீன் செத்ததிலிருந்து 1795இல் அவர் கண்மூடும்வரை அவர் கம்பெனியின் நண்பர். நண்பராக இருந்தபடியேதான் எல்லாம் போயிற்று.

பொதிகைச்சாரல்:
எதற்கு இத்தனை சுற்று? நம்மவர்களிடம் ஒற்றுமை இல்லை, காட்டிக்கொடுத்தார்கள். கதை அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் ஐயா? பிரெஞ்சுக்காரர் துணையோடு நவாப் பதவிக்குப் போட்டியிட்டு, 1752இல் ஸ்ரீரங்கத்தில் சரணடைந்த சந்தா சாகிபைக் கொன்றது தஞ்சாவூர் தளபதி மானோஜி. மூன்று வருஷத்துக்கு முன்னால் சந்தா சாகிப் தஞ்சாவூரை முற்றுகையிட்டிருந்தார். தஞ்சாவூருக்கு அவர் பகையாளி, ஆங்கிலேயன் அன்றைக்குக் கூட்டாளி. 'நம்மவர்' என்று ஒரு கட்சியே அப்போது கிடையாது. இன்றைய வரைபடத்தை அன்றைக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாரும் துரோகியாகத்தான் தெரிவார்கள்.

வந்தவாசிக்காரன் ஐயாவுக்கு வருகிறேன். பாண்டிச்சேரி முற்றுகைச் செலவை, 1761இல் ஊரைப் பிடித்த கையோடு, கம்பெனி நவாப் கணக்கில் எழுதியது. 'உங்களுக்காகத்தானே சண்டை போட்டோம்' என்பது வாதம். 1763இல் செங்கல்பட்டுச் சீமை ஜாகீராக, அதாவது வரியை அனுபவிக்கும் மானியமாக, கம்பெனிக்குப் போனது. ரொக்கம் போதாதபோது கம்பெனி ஊழியர்களே தனிப்பட்ட முறையில் அநியாய வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். ஈடாக நவாப் எழுதிக் கொடுத்தது இன்ன தாலுகாவின் வரி இன்னாருக்கு என்ற சீட்டு. நெல் அறுப்பதற்கு முன்பே வரி அடுத்தவன் கைக்குப் போய்விட்டது. பால் பென்ஃபீல்டு என்ற ஊழியர் வருஷத்துக்குச் சில நூறு பவுண்டு சம்பளக்காரர். 1776இல் அவர் தனக்கு வரவேண்டியது 2,34,000 பவுண்டு என்று நின்றார், அதில் பெரும்பங்குக்குத் தஞ்சாவூர் வரியே ஈடு. நவாப் பிடித்து வைத்திருந்த தஞ்சாவூரை அதன் ராஜாவுக்கே திருப்பிக் கொடுத்த சென்னைக் கவர்னர் பிகட்டை அவருடைய கவுன்சில்காரர்களே கைது செய்தார்கள். அடுத்த வருஷம் காவலிலேயே செத்தார். சொந்தக் கவர்னரையே உள்ளே தள்ளும் அளவுக்கு அந்தச் சீட்டுகளுக்குப் பலம் இருந்தது!

மறவர்சீமை:
நவாபை அப்பாவி ஆக்காதீர்கள் கணக்குப்பிள்ளை. கடன் வாங்கி என்ன செய்தார்? 1772இல் கம்பெனிப் பட்டாளத்தைக் கூட்டிக்கொண்டு வந்து ராமநாதபுரத்தைப் பிடித்தார். காளையார்கோவிலில் சிவகங்கை ராஜா முத்துவடுகநாதர் செத்தார், வேலு நாச்சியார் சீமையை விட்டே போகவேண்டி வந்தது. மறு வருஷம் தஞ்சாவூர். வாடகைப் பட்டாளத்தை வைத்து அக்கம்பக்கத்தை விழுங்கியவருக்கு வாடகைச் சீட்டு வந்தது, அவ்வளவுதான். எனக்கு அவர்மேல் துளியும் பரிதாபம் இல்லை.

வந்தவாசிக்காரன்:
மறவர்சீமை சொன்னதே என் கட்சிக்குத்தான் வலு. கடனைத் திருப்பித் தராத ராஜாக்கள் உலகமெங்கும் இருந்திருக்கிறார்கள். கடன் கொடுத்தவனை விரட்டிவிட்டால் கதை முடிந்தது. வாலாஜாவால் ஏன் முடியவில்லை? கடன் கொடுத்தவன் கையில் துப்பாக்கி இருந்தது.

கணக்குப்பிள்ளை:
துப்பாக்கி மைசூரிடமும் இருந்தது. 1780இல் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படையையே ஹைதரும் திப்புவும் அழித்தார்கள். உங்கள் கணக்குப்படி அன்றோடு சென்னைக் கம்பெனி முடிந்திருக்க வேண்டும். ஏன் முடியவில்லை? வங்காளத்திலிருந்து தளபதி ஐர் கூட் வந்தார், பணமும் வந்தது. 1765இல் அங்கே திவானி என்ற வரிவசூல் உரிமை வாங்கியதிலிருந்து ஒரு மாகாணத்தின் வரியே அவர்கள் பெட்டியில். இந்தப் பக்கம் 1781இல் நவாபின் வரிவசூலையே சென்னைக் கவர்னர் மெக்கார்ட்னி எழுதி வாங்கிக்கொண்டார். நாலு வருஷத்தில் நவாபுக்குத் திரும்பக் கிடைத்தது என்பது வேறு விஷயம்.

மறவர்சீமை:
எங்கள் பக்கம் பாஞ்சாலங்குறிச்சியில் பீரங்கிதானே பேசியது?

கணக்குப்பிள்ளை:
கம்பெனிக் கலெக்டர் ஜாக்சன் எந்த உரிமையில் கட்டபொம்மனிடம் கிஸ்தி கேட்டார் என்று பாருங்கள். பாளையக்காரர்களிடம் பேஷ்குஷ் என்ற கப்பம் வசூலிக்கும் உரிமையை 1792 ஒப்பந்தத்தில் நவாப் கொடுத்துவிட்டார். கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குத் தூக்கு 1799இல். அதற்கு ஏழு வருஷம் முன்பே காகிதத்தில் வேலை முடிந்திருந்தது.

இன்னொன்று. நவாப் ஆட்சி முடிந்தபின் 1805இல் இந்தக் கடன்களை விசாரிக்கக் கமிஷன் போட்டார்கள். பல வருஷம் இழுத்தது. கேட்கப்பட்ட தொகை மொத்தம் 3 கோடி பவுண்டுக்கு மேல், செல்லும் என்று ஏற்றது சுமார் 27 லட்சம்.

வந்தவாசிக்காரன்:
பத்தில் ஒன்பது பொய்க் கடன்! வெறும் காகிதத்துக்கு யாராவது நாட்டைக் கொடுப்பார்களா? 1801 ஜூலையில் சேப்பாக்கம் அரண்மனையில் வாலாஜாவின் மகன் நவாப் உம்தத் சாகக் கிடக்கும்போதே கம்பெனிப் பட்டாளம் உள்ளே வந்துவிட்டது. (பக்கத்திலேயே கிரிக்கெட் பார்க்கப் போகிறோம், அந்தக் கட்டடத்தை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.) ஆட்சியைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்துக்கு உம்தத்தின் மகன் மறுத்தார். உடனே அவரை ஒதுக்கிவிட்டு, கையெழுத்துப் போடச் சம்மதித்த அசீமுத்தௌலாவை நவாப் ஆக்கினார்கள். அவருக்கு மிஞ்சியது நிகர வரியில் ஐந்தில் ஒரு பங்கு. இதுவும் கடன் பத்திரமா?

கணக்குப்பிள்ளை:
அரண்மனைக்குள் நுழைந்த அந்தப் பட்டாளத்துக்குச் சம்பளம் எங்கிருந்து போனது? பாதுகாப்புச் செலவுக்கென்று வருஷத்துக்கு 9 லட்சம் வராகன் (அன்றைய பொன் நாணயம்) தருவதாக 1792இல் ஒப்புக்கொண்டதும் நவாப் தரப்புதான்.