காளி வேஷ ஒட்டியாணத்தில் தங்கப் பெயின்ட் உரிகிறது

குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்குத் தம்பி காளி வேஷம் கட்டுகிறான். கிரீடம் அட்டையில் செய்தோம், அது நன்றாகவே வந்துவிட்டது. பிரச்சினை ஒட்டியாணமும் தோள்வளையும்தான். 6 மி.மீ. தடிமனுள்ள பழைய யோகா மேட்டை வெட்டிச் செய்தவை. வளைத்துக் கட்டினால் தங்கப் பெயின்ட் வெடித்து முட்டை ஓடு மாதிரி உதிர்கிறது.

முதலில் நேராக அக்ரிலிக் அடித்தேன்; மேட் குடித்துவிட்டது, மூன்று கோட்டுக்குப் பிறகும் மங்கல். அப்புறம் வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து இரண்டு கோட் கொடுத்து, ஒரு ராத்திரி காயவிட்டு அடித்தேன். பளபளப்பு வந்தது, ஆனால் இடுப்பு மடியும் இடத்தில் விரிசல். மிச்சத் துண்டில் எனாமல் அடித்தேன். நான்கு நாளாகியும் விரலில் ஒட்டுகிறது. ஸ்ப்ரே பக்கம் போகவில்லை. போன வருஷம் தெர்மாகோல் சூலத்தை அது கரைத்துத் தின்றதை நேரில் பார்த்தவன் நான்.

ஊர் திருச்செந்தூர் பக்கம், எப்போதும் ஈரக் கடல்காற்று. தசரா சூரசம்ஹாரத்துக்கு இன்னும் 9 நாள். கையில் 350 ரூபாய். மணிக்கணக்கில் ஆடுவான், வியர்வையும் தாங்க வேண்டும்.

பழைய பெயின்ட்டை உரித்துவிட்டு, வளைந்தாலும் வெடிக்காத அடிப்பூச்சாக இந்தக் காசுக்குள் எதைப் பூசலாம்?