புதுப்பிப்பு: கன்று வீசிய மாட்டுக்குச் சோதனை முடிவு வந்துவிட்டது

ஏழு மாதச் சினையில் கன்று வீசி (கரு கலைந்து), நஞ்சுக்கொடி விழாமல் தொங்கிய மாட்டைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். சினை மாடுகளைக் கன்று வீசவைக்கும் புருசெல்லா கிருமி நோய், புருசெல்லோசிஸ்தான். ரோஸ் பெங்கால் என்ற ரத்தச் சோதனையில் தெரிந்தது, அப்புறம் எலைசா என்ற இன்னொரு சோதனையிலும் உறுதியானது.

கூடவே நிற்கும் ஆடுகளுக்கு ஒட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். ஒட்டும். இந்தக் கிருமியில் மாட்டில் பெரும்பாலும் அபார்ட்டஸ் வகை, ஆடுகளில் மெலிடென்சிஸ் வகை. ஆனால் ஒன்றாகக் கட்டினால் இரண்டுமே இனம் தாண்டும். வீசிய கன்று, நஞ்சுக்கொடி, அந்த நீர் ஊறிய வைக்கோல், இவற்றில்தான் கிருமி மொய்க்கும். நாய் இழுத்துப்போனால் வழியெல்லாம் பரவும். அதனால் கையுறை போட்டு எடுத்து, சுண்ணாம்பு கொட்டி ஆழமாகப் புதைத்தோம். ஆடுகளுக்கு ரத்தம் எடுத்தாயிற்று; முடிவு வரும்வரை தனிப்பட்டி, தனித் தண்ணீர்த் தொட்டி.

மருந்து கொடுத்துப் பார்க்கலாமே என்றவர்களுக்கு: மாடுகளுக்கு அது பரிந்துரைக்கப்படுவதில்லை. கிருமி செல்லுக்குள் ஒளிந்து மருந்துக்குத் தப்பி, மடியில் தங்கிப் பாலில் இறங்கும். மாட்டைப் பிரிய மனசு வரவில்லை, விற்கவும் மாட்டோம். இன்னொருவர் தொழுவத்துக்கு நோயை அனுப்புவது பாவம்.

கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் இந்த நோய்க்கான எஸ்19 தடுப்பூசி போடக் கேட்டிருக்கிறோம். இது மனிதருக்கும் ஒட்டும், அதனால் பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி, இரவில் வியர்வை இருந்தால் மருத்துவரிடம் மாடு வளர்ப்பதையும் சொல்லுங்கள்.