‘வாட்ச்’ என்ற சொல்லிடம் ஏமாந்த அனுபவம் உண்டா?

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நான் முதன்முதலில் இடறி விழுந்தது கடினமான கலைச்சொல் எதிலும் அன்று. ‘வாட்ச்’ என்ற சிறு சொல்லில்தான். ஒரு கடற்பயணக் குறிப்பில், ‘நடு வாட்ச்’ முடியும் வேளையில் மூடுபனி இறங்கியதாக ஒரு வரி இருந்தது. சுவரில் மாட்டிய கடிகாரங்களுள் நடுவில் இருப்பதைச் சொல்கிறார் போலும் என்று எண்ணி, ‘நடுக் கடிகாரம்’ என்றே எழுதி அனுப்பிவிட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் அதைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் ‘யாமம்’ என்று ஒரே ஒரு சொல்லை எழுதித் திருப்பியிருந்தார்.

வெட்கத்தோடு அகராதியைப் புரட்டியபோதுதான் வேர் புலப்பட்டது. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் விழித்திருத்தலையே குறித்தது. விழித்தெழுதலைக் குறிக்கும் ‘வேக்’ அதன் உடன்பிறப்பு. விழித்திருப்பவன் காவல் காப்பான், காப்பவன் உற்றுப் பார்ப்பான் என்ற தொடர்பில் காவல், காவற்குழு, காவல் நேரம், கவனித்தல் எனப் பொருள்கள் கிளைத்தன. நாம் முதலில் நினைக்கும் கடிகாரமோ வெகு பின்னால் வந்து சேர்ந்தது. யாமம் என்பது ஏழரை நாழிகை, அதாவது 3 மணி நேரம். கப்பல் வாட்ச் 4 மணி நேரம். அளவு பொருந்தாவிட்டாலும், இரவைக் காவலால் பகுக்கும் மணம் அதில் இருப்பதால் அந்தத் திருத்தத்தை அப்படியே ஏற்றுக்கொண்டேன். உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

மறுமொழி 1

நான் வணிகக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. நீங்கள் கடிகாரமாக்கிய அந்த நடு வாட்ச், நள்ளிரவு 12 முதல் 4 வரை. பெரும்பாலும் என் பதவியில் இருப்பவர் தலையில்தான் அது விழும். வெளிச்சத்திலிருந்து வருபவருக்குத் தொலைவிலுள்ள கப்பல்களின் விளக்குகள் உடனே தெரிவதில்லை என்பதால், கண் இருளுக்குப் பழகும்வரை பொறுப்பை ஏற்கக் கூடாது. சற்று நேரம் நானும் முந்தைய அதிகாரியும் சாளரத்தின் முன் பேசாமல் நிற்போம். அதன்பின் ஆள் தூங்கிவிடாதபடி ஒரு கருவி கண்காணிக்கும். 3 முதல் 12 நிமிடங்களுக்குள் கப்பலில் அமைத்து வைத்திருக்கும் இடைவெளி கடந்ததும் அது விளக்கை மினுக்கும். பொத்தானை அழுத்தாவிட்டால் ஒலியெழுப்பும், அதற்கும் அசையாவிட்டால் மற்ற அதிகாரிகளை எழுப்பிவிடும். விழித்திருத்தலே வேர்ப்பொருள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்தக் கருவிதான் என் நினைவுக்கு வந்தது.

இன்னொன்று: பாய்மரக் கப்பல்களில் மாலை 4 முதல் 8 வரையுள்ள வாட்ச்சை இரண்டாகப் பிளந்து ‘நாய் வாட்ச்’ என்றார்கள். நாளுக்கு 6 முறைகள் 7 ஆனதால், ஒரே குழு தினமும் நள்ளிரவில் அகப்படாமல் முறை மாறியது. அதை ‘நாய்க் கடிகாரம்’ என்று எவரேனும் மொழிபெயர்த்திருந்தால் தயவுசெய்து தெரிவிக்கவும்.

மறுமொழி 2

வேதியியல் ஆய்வகத்தில் முதல் நாள், ஆசிரியர் “வாட்ச் கிளாஸ் எடுத்து வா” என்றார். நான் பணிவோடு என் கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினேன். அவர் கேட்டது, பொடியை எடை போடவும் முகவையை மூடவும் பயன்படும், நடுவில் குழிந்த வட்டக் கண்ணாடித் தட்டை. பழைய கடிகாரங்களின் மேல்மூடிக் கண்ணாடியைப் போன்றிருப்பதால் அதற்கு அப்பெயர் என்பதை அவரே பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார்.

மறுமொழி 3

என் அனுபவம் சிரிக்கத்தக்கதன்று. அமெரிக்க வானிலை அறிவிப்பு ஒன்றைத் தமிழாக்கும்போது ‘வாட்ச்’, ‘வார்னிங்’ இரண்டுக்கும் ‘எச்சரிக்கை’ என்றே போட்டுவிட்டேன். சுழற்காற்று உருவாகும் சூழல் உள்ளது, கவனமாக இருங்கள் என்பது முன்னது. சுழற்காற்று கண்ணில் பட்டுவிட்டது அல்லது ரேடாரில் தெரிகிறது, உடனே ஒதுங்குங்கள் என்பது பின்னது. இப்போது முன்னதற்கு ‘விழிப்பறிவிப்பு’ என்று எழுதுகிறேன். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்வேன்.