கான்ஸ்டபிளின் 'ஹே வெயின்': ஸ்கெட்ச்சா, முடித்த படமா?

ஆற்றங்கரை:
ஆங்கில இயற்கைக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821-இல் வரைந்த 'ஹே வெயின்', அதாவது ஆற்றைக் கடக்கும் வைக்கோல் வண்டியின் படம், இரண்டு கேன்வாஸ்களாக இருக்கிறது. முடித்த படம் லண்டன் நேஷனல் கேலரியில். அதற்கு முன் அதே ஆறடி அகலத்தில் அவர் எண்ணெய் வண்ணத்தில் போட்ட ஸ்கெட்ச், அதாவது முன்னோட்டப் படம், அதே ஊரின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில். என் ஓட்டு ஸ்கெட்ச்சுக்குத்தான். அடிப்பூச்சின் பழுப்பு அங்கங்கே அப்படியே தெரிகிறது, மரங்களில் காற்று ஓடுகிறது. முடித்த படத்தில், கண்காட்சி நடத்தும் ஓவியர் சங்கமான ராயல் அகாடமிக்காக எல்லாவற்றையும் அடக்கிவிட்டார்.

தூரிகை:
அகாடமியைக் குளிர்விக்க நினைத்த ஆளா அவர்? அவர் காலத்து இன்னொரு ஓவியர் டர்னர் 26 வயதிலேயே அங்கே முழு உறுப்பினர். இவருக்கு அது 1829-இல், 52 வயதில்தான் கிடைத்தது. வரைந்ததும் புராணக் காட்சியை அல்ல. இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் அப்பாவின் ஃபிளாட்ஃபோர்ட் ஆலைக்குப் பக்கத்து நீர்த்துறையை. லண்டனில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தபோது வண்டியின் அமைப்பு சரியாக வேண்டும் என்று ஊரிலிருந்து ஒரு கோட்டோவியம் வரவழைத்தார். ஊர் நண்பர் ஜானி டன்தார்ன் குளிரில் நின்று அதை வரைந்து அனுப்பினார். இவ்வளவு அக்கறையும் முடித்த படத்துக்காகத்தானே?

ஆற்றங்கரை:
வண்டி சரியாக இருக்கிறது, மறுக்கவில்லை. நான் கேட்பது உயிரை. 1821, 1822-இல் லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட்டில் மேகங்களை மட்டும் வரைந்தாரே, பின்பக்கத்தில் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் குறித்து வைத்து? மேகம் கலைவதற்குள் முடித்தாக வேண்டிய சின்னச் சின்னப் படங்கள். அவருடைய கை சுதந்திரமாக ஓடியது அங்கேதான். பெரிய ஸ்கெட்ச்சிலும் அதே கைதான்.

மேகமூட்டம்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஹென்றி வான் என்ற ஒரே சேகரிப்பாளரிடம் இரண்டுமே இருந்தன. முடித்த படத்தை 1886-இல் நேஷனல் கேலரிக்குக் கொடுத்தார், ஸ்கெட்ச் அவருடைய உயில்படி விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போனது. நானாக இருந்தால் இரண்டையும் ஒரே சுவரில் மாட்டியிருப்பேன்.

தூரிகை:
மாட்டினால் நல்லதுதான், அப்போது என் வாதம் கண்ணுக்கே தெரியும். ஸ்கெட்ச்சில் கரையோரம் நாய்க்குப் பக்கத்தில் ஒரு குதிரையும் ஆளும் உண்டு. முடித்த படத்தில் அவர்களை எடுத்துவிட்டு ஒரு பீப்பாயை வைத்தார், அப்புறம் அதையும் வண்ணம் பூசி மூடினார். அந்தப் பீப்பாயின் நிழல் இன்றும் லேசாகத் தெரிகிறது. அதனால்தான் பார்வை நாயிலிருந்து நேராக வண்டிக்குப் போகிறது, குதிரைகளின் சிவப்புச் சேணத்தில் போய் நிற்கிறது. இதை அடக்குதல் என்று சொல்லாதீர்கள். வேண்டாததைத் தூக்கி எறியவும் துணிச்சல் வேண்டும். 1824-இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியதும் இந்தப் படம்தான்.

ஆற்றங்கரை:
பீப்பாய் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், அந்த முன்பக்கம் முடித்த படத்தில்தான் நன்றாக இருக்கிறது. பதக்கத்தை ஏற்க மாட்டேன். ஸ்கெட்ச்சை அவர் உயிரோடு இருந்தவரை காட்சிக்கு வைக்கவே இல்லை. காட்டாத படத்துக்கு யார் பதக்கம் கொடுப்பார்கள்?

தூரிகை:
ஏன் காட்டவில்லை என்பதுதானே கேள்வி? அவருக்கு ஸ்கெட்ச் என்பது முடித்த படத்துக்குப் போகும் வழி. அவருடைய இன்னொரு பெரிய படமான 'லீப்பிங் ஹார்ஸ்' (பாயும் குதிரை) 1825-இல் காட்சிக்குப் போய்த் திரும்பிய பிறகும், குதிரைக்கு முன்னால் நின்ற வில்லோ மரத்தண்டை எடுத்துவிட்டுத் திருத்தினார். படம் அவருக்கு அப்போதுகூட முடியவில்லை.

ஆற்றங்கரை:
சரி, அப்படியானால் 'முடித்த படம்' என்று எதைச் சொல்கிறீர்கள்?