மறு: ரீச், எங்கேஜ்மெண்ட் – தமிழில் என்ன போடுவது? (வியாழன் அச்சுக்குப் போகிறது)

பா., கோவில்பட்டி:

அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் கடலைமிட்டாய், சேவு, ஊறுகாய் போட்டு விற்கிற சிறு கடைக்காரர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடத்துகிறோம். பாதிப்பேர் மகளிர் குழுவினர். படத்தை வெயில் ஏறும் முன் எடுப்பது, விலையைப் பதிவிலேயே எழுதிவிடுவது, வாட்ஸ்அப் பிசினஸில் பொருள் பட்டியல் போடுவது என்று 16 பக்கக் கையேடு. கடைசிப் பக்கம்தான் இடிக்கிறது. இன்ஸ்டாகிராம் காட்டும் எண்களை வாசிக்கக் கற்றுத் தரும் பக்கம் அது.

ரீச்: பதிவு எத்தனை தனிக் கணக்குகளுக்குப் போனது என்பது. ஒருவர் ஐந்து தடவை பார்த்தாலும் ஒன்றுதான்.
இம்ப்ரெஷன்: மொத்தம் எத்தனை தடவை திரையில் வந்தது. அதே ஆள் ஐந்து தடவை என்றால் ஐந்து.
எங்கேஜ்மெண்ட்: லைக், கமெண்ட், ஷேர், சேவ் எல்லாம் கூட்டி வருவது.

எடுத்துக்காட்டுக் கணக்கு: 2,000 பேருக்குப் போன பதிவுக்கு 60 லைக், 12 கமெண்ட், 8 ஷேர். ஆக 80. அதாவது 4 விழுக்காடு. இதை ஆங்கிலச் சொல் இல்லாமல் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். வியாழன் காலை அச்சகத்துக்குப் போகிறது.

கா., சென்னை:

ரீச் – வீச்சு. எங்கேஜ்மெண்ட் – ஈடுபாடு. மென்பொருள் தமிழாக்கத்தில் ஈடுபாடு ஏற்கெனவே புழங்குகிறது. இம்ப்ரெஷனுக்குப் 'பதிவு' போட முடியாது, அது போஸ்டுக்குப் போய்விட்டது. 'காட்சி' போடலாம்.

இரா., திருநெல்வேலி:

தம்பி, வீச்சு வேண்டாம். பள்ளி இயற்பியலில் அலையின் உயரத்துக்கு வீச்சு என்கிறோம். புள்ளியியலில் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்தால் வருவதும் வீச்சு. எங்கள் ஊரில் வீச்சு என்று ஆரம்பித்தால் அடுத்து அரிவாள்தான் வரும்.

குறளில் 'எண்பொருள வாகச் செலச்சொல்லி' என்று இருக்கிறதே, அந்தச் 'செல' என்பதை யாரும் கவனிப்பதில்லை. கேட்பவர் உள்ளத்துக்குப் போய்ச் சேரும்படி சொல்லுதல். ரீச் என்பதன் பொருள் துல்லியமாக இதுதானே? அந்த வினையின் தொழிற்பெயர் 'செலவு'. தொல்காப்பியர் 'செலவினும் வரவினும் தரவினும் கொடையினும்' என்று நான்கையும் வரிசையாக வைக்கிறார். பிரிவைப் பாடும் பாலைத் திணையில் தலைவன் பொருள்தேடப் போகாமல் தயங்கி நிற்பது செலவழுங்குதல். ஒரு பதிவு பக்கத்துத் தெருவைத் தாண்டாமல் நின்றுவிட்டால் அதற்குச் செலவழுங்கல் என்றே பெயர் வைக்கலாம். ஆகவே ரீச் = செலவு. ஐயமே வேண்டாம்.

மு., சிவகாசி:

ஐயா, பாலைத் திணை எல்லாம் சரி. 'இந்த வாரச் செலவு 2,000' என்று சேவுக் கடைக்காரர் போனில் வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்தீர்களா? அடுத்த நிமிஷம் கணக்கையே மூடிவிடுவார். அதே பக்கத்தில் விளம்பரத்துக்கு எவ்வளவு கொடுத்தோம் என்கிற வரியும் இருக்கிறது. அதற்கு எந்தச் சொல்லைப் போடுவீர்கள்?

இரா.:

அதற்குச் 'செலவினம்' இருக்கிறது. அரசு வரவுசெலவுத் திட்டத்தில் வருகிற சொல்தான்.

மு.:

ஐயா!

கா.:

சரி, அப்படியானால் 'சென்றடைவு'. செல்லும் இருக்கிறது, அடைவதும் இருக்கிறது. சுருக்கமாக 'அடைவு' என்றும் சொல்லலாம்.

ந., யாழ்ப்பாணம்:

எங்கட பக்கம் அடைவு எண்டால் நகையைக் கொண்டுபோய் வைச்சுக் காசு வாங்குறது. இன்னொரு அடைவு பள்ளிக்கூடத்தில் இருக்கு, அடைவு மட்டம். கடைக்காரரிட்ட 'உங்கட அடைவு குறைஞ்சு போச்சு' எண்டால், நல்லதுதானே, நகை திரும்பி வந்திட்டுது எண்டு சந்தோசப்படுவார். ஈடுபாட்டிலும் ஒரு 'ஈடு' கிடக்கு, காணியை ஈடு வைக்கிறதும் எங்களுக்குப் பழக்கம். சிரிப்புக்குச் சொல்லேல்லை, கையேடு கடல் தாண்டி வரும் எண்டபடியால் சொல்லுறன்.

இரா.:

நல்ல வேளை, ஈட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. வைணவத்தில் ஈடு என்றாலே நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கான முப்பத்தாறாயிரப்படி உரை. நம்பிள்ளை சொன்னதை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதி வைத்தது. ஆழ்வாருக்குத் திருமாலிடம் இருந்ததே, அதற்குப் பெயர் ஈடுபாடு. கடலைமிட்டாய்ப் படத்தைக் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போகிறவனுக்கும் அதே சொல்லா? மனசு ஒப்பவில்லை. 'தொடுப்பு' என்று ஒன்று யோசித்தேன், அதை நானே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஏன் என்று ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

செ., கோவை:

மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். கடைக்காரர் போனில் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. கையேட்டில் ஒரு சொல், திரையில் வேறு சொல் என்றால் அந்தம்மா எதை எதோடு பொருத்துவார்? 'ரீச்' என்றே போடுங்கள். பஸ், லைக், போன் எல்லாம் யாரைக் கேட்டு உள்ளே வந்தன?

இரா.:

ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலாகாது. வல்லின மெய் சொல்லுக்கு ஈறாகாது. 'ரீச்' தலையிலும் பிழை, காலிலும் பிழை. வடசொல்லையே வடவெழுத்தைக் களைந்துதான் உள்ளே விட வேண்டும் என்கிறது தொல்காப்பியம். அந்த முறைப்படி 'இரீச்சு' என்றாவது எழுதுங்கள்.

செ.:

இரீச்சு என்று எழுதினால் இலக்கணம் பிழைக்கும், கையேடு பிழைக்காது.

பா.:

சண்டைக்கு நடுவில் ஒன்று. நேற்று முன்னோட்ட வகுப்பில் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போனேன். எந்தச் சொல்லும் கொடுக்காமல் எண்களை மட்டும் காட்டினேன். ஊறுகாய் போடுகிற ஒரு அம்மா, 'அப்போ இது எத்தனை பேரு பாத்தாங்க, இது எத்தனை தடவ பாத்தாங்க, அவ்வளவுதானே' என்றார். அதையே எடுத்து ரீச்சுக்குப் 'பார்த்தோர்', இம்ப்ரெஷனுக்குப் 'பார்வை' என்று போட்டால் என்ன? பார்த்தோர் 2,000, பார்வை 3,500. முன்னது ஆளை எண்ணுவது, பின்னது தடவையை எண்ணுவது என்பது சொல்லிலேயே தெரிகிறது.

இரா.:

ஒன்று வினையாலணையும் பெயர், மற்றது தொழிற்பெயர். இலக்கணப்படி அழகாகத்தான் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு என் வணக்கம். ஆனால் நான் செலவை விடவில்லை.

கா.:

எனக்கு இதில் மூன்று சிக்கல். ஒன்று, திரையில் வந்ததெல்லாம் பார்வை ஆகாது. விரல் தள்ளிக்கொண்டே போகிறது, கண் எங்கோ இருக்கிறது. இரண்டு, எண்ணப்படுவது ஆள் இல்லை, கணக்கு. ஒரே போனை வீடே பார்க்கிறது, ஒரே ஆள் மூன்று கணக்கு வைத்திருக்கிறார். மூன்று, காசு கொடுத்து விளம்பரப்படுத்தி வருகிற பெய்டு ரீச்சுக்கு என்ன செய்வீர்கள்? 'கட்டணப் பார்த்தோர்' என்றால் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்தவர்கள் போல இருக்கிறது.

மு.:

மூன்றாவது மட்டும் நிஜமான சிக்கல். 'விளம்பரத்தால் பார்த்தோர்', 'தானாகப் பார்த்தோர்' என்று எழுதினால் தீர்ந்தது. இரண்டாவதற்குப் 'பார்த்த கணக்குகள்' என்று போனால், கடையில் கணக்கு என்றால் பேரேடு. திரும்பவும் ஆரம்பத்துக்கே வந்து நிற்போம்.

இன்னொன்று. நாம் இங்கே முட்டிக்கொண்டிருக்கிறோம், இன்ஸ்டாகிராமோ 2024-இல் வியூஸ் என்பதை முதன்மை அளவாக முன்னால் கொண்டுவந்து, இம்ப்ரெஷனைப் பின்னால் தள்ளிவிட்டது. திரும்பத் திரும்பப் பார்த்தாலும் அதில் சேரும். ஆகவே 'பார்வை' என்ற சொல் எப்படியும் வேண்டியிருக்கும், அதை இம்ப்ரெஷனுக்கு மட்டும் கட்டிப்போடாமல் இருப்பது நல்லது. அப்புறம், பெரிய எண் என்பதால் கடைக்காரர் பார்வையைத்தான் ஊருக்குக் காட்டுவார். ஆர்டர் வருமா என்று தெரிய அது உதவாது. அதைக் கையேட்டில் அழுத்தி எழுதுங்கள் பா. அம்மா.

ந.:

பார்த்தோர் எங்களுக்கும் விளங்கும். எங்கேஜ்மெண்டுக்கு 'எதிர்வினை' போடலாமே?

செ.:

'எதிர்' என்றதும் சண்டைக்கு வந்தது மாதிரி இருக்கிறது. 60 பேர் எதிர்வினை செய்தார்கள் என்றால் கடலைமிட்டாயில் கல் இருந்தது என்றுதான் நினைப்பார்கள்.

பா.:

புதன் இரவு ஆகிவிட்டது, அச்சகத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். இப்படி அனுப்புகிறேன்: பார்த்தோர், பார்வை, ஈடுபாடு. 'பார்த்தோர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மட்டும் சிறிய எழுத்தில் 'போனில் ரீச் என்று இருக்கும்' என்று ஒரு வரி. ஈடுபாடு எனக்கும் முழுத் திருப்தி இல்லை, வேறு அகப்படவில்லை. அதற்குக் கீழே நானாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: லைக்கை விட, 'கிலோ என்ன விலை, மதுரைக்கு அனுப்புவீர்களா' என்று வருகிற விசாரிப்பைத் தனியாக எண்ணி நோட்டில் எழுதுங்கள் என்று. விசாரிப்புக்கு யாரும் கலைச்சொல் தேட வேண்டாம், கடையில் அந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறது.

இரா.:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. அடுத்த பதிப்பில் அடிக்குறிப்பாகவாவது 'செலவு' இடம்பெற வேண்டும். ஈடுபாட்டுக்கு மாற்றாகக் கலித்தொகையில் ஒரு சொல் கண்ணில் பட்டிருக்கிறது, நாளை விரிவாக எழுதுகிறேன்.

கா.:

காசு கட்டிப் பதிவைப் பரப்புகிறார்களே, அந்தப் 'பூஸ்ட்' என்பதற்கு என்ன?

மு.:

இந்த இழையில் வேண்டாம். புது இழை தொடங்குங்கள்.